வெண்புள்ளி அறுவை சிகிச்சை: எளிய கருவிகளே போதும்



வெண்புள்ளி தொற்றுநோய் அல்ல, தொழுநோயும் அல்ல. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள் அழிவதால் வருவது. மருந்துக்கும் ஒளி சிகிச்சைக்கும் மாறாத திட்டுகளுக்கு அறுவை சிகிச்சை உண்டு. ‘லேசர் வேண்டும், நமக்குக் கட்டுப்படியாகாது’ என்று எண்ணி ஒதுங்கிவிட வேண்டாம்.

இதில் தொடை போன்ற மறைவான இடத்திலிருந்து நல்ல தோலை மெல்லிய ஏடாக எடுத்து, அதையோ அதிலிருந்து பிரித்த செல்களையோ வெண்திட்டின் மேல் பதிப்பார்கள். அவை ஒட்டுவதற்கு, திட்டின் மேல்தோலை முதலில் தேய்த்து நீக்க வேண்டும். ஊசிமுனை அளவில் ரத்தப் புள்ளிகள் அரும்பியதும் நிறுத்த வேண்டும். ஆழம் குறைந்தால் செல்கள் ஒட்டாது. கூடினால் தழும்பு விழும்.

இப்படித் தேய்க்க லேசர்தான் வேண்டும் என்பதில்லை. பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் மைக்ரோமோட்டார் போதும். சிறிய திட்டுகளுக்கு, கிருமி நீக்கிய உப்புத்தாளைக் கையால் தேய்த்தும் செய்கிறார்கள். விரல், இமை ஓரம் போன்ற இடங்களில் கைவேலையில் ஆழத்தைக் கட்டுப்படுத்துவது எளிது. உப்புத்தாளின் துகள் தோலில் தங்காதபடி சலைனால் நன்றாகக் கழுவிவிடுவார்கள்.

நல்ல தோலை எடுக்கவும் மலிவான வழி உண்டு. இடுக்கியில் பிடித்த புதிய சவர பிளேடால் மெல்லிய ஏடாகச் சீவி எடுக்கலாம். ராஜஸ்தானின் ஜோத்பூர் மருத்துவர்கள் இன்னும் எளிய முறை ஒன்றைக் கண்டார்கள். நல்ல தோலின் மீது களிம்பு தடவி மைக்ரோமோட்டாரால் தேய்த்து, களிம்போடு கலந்து வரும் தோல் துகள்களை அப்படியே வெண்திட்டில் பூசிக் கட்டுகிறார்கள். செல்களைப் பிரிக்கும் ஆய்வகச் செலவு இதில் இல்லை.

ஓர் எச்சரிக்கை. கருவி எளிது என்பதற்காக வீட்டில் யாரும் தோலைத் தேய்த்துப் பார்க்கக் கூடாது. நோய் பரவிக்கொண்டிருக்கும்போது தோலில் காயம் பட்டால், அந்த இடத்திலேயே புதிய வெண்திட்டு வரலாம். குறைந்தது ஓராண்டாவது புதிய திட்டு வராமலும் பழையது பெரிதாகாமலும் இருந்தால்தான் பொதுவாக அறுவை சிகிச்சை செய்வார்கள்.

ஆகவே, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குச் செல்லுங்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நோய் நின்றுவிட்டதா? எந்த முறையில் செய்வீர்கள்? மொத்தச் செலவு எவ்வளவு? நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும்; பொறுமை வேண்டும். பிள்ளைகளின் படிப்பையும் திருமணப் பேச்சையும் அதுவரை நிறுத்திவைக்கத் தேவையில்லை.