அடுப்படியில் ஒளித்த ஓலை

இடது கையில் பனையோலை, வலது கையில் அகப்பை. முக்காட்டுக்குள்ளிருந்து ஓலையை ஒரு பார்வை, கொதிக்கும் உலையை ஒரு பார்வை. காலடிச் சத்தம் கேட்டால் ஓலை மறைந்துவிடும். 1830களில், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ராம்தியா கிராமத்தில், ஒரு நிலக்கிழார் வீட்டு மருமகள் படிக்கக் கற்றது இப்படித்தான். வங்க மொழியின் முதல் சுயசரிதையாகக் கருதப்படும் 'ஆமார் ஜீபன்' (என் வாழ்க்கை) நூலை எழுதிய ராஷ்சுந்தரி தேவிதான் அவர்.

12 வயதில் திருமணம். 18ல் முதல் குழந்தை, 41ல் கடைசி. மொத்தம் 12 பிரசவங்கள். மாமியாருக்குப் பார்வை போய்விட்டதால் பூஜை நைவேத்தியம் தொடங்கி, இரு வேளையும் இருபத்தைந்து பேருக்குச் சமைப்பது வரை எல்லாம் இவர் தலையில். பிள்ளை தூங்கும்போது தாயும் தூங்க வேண்டும் என்கிறார்கள் இன்றைய டாக்டர்கள். ராம்தியாவில் பிள்ளை தூங்கும்போதுதான் சமையல்.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது விருந்தாளி வந்தார். சோறு அவருக்குப் போனது. மறுபடி தட்டு வைத்தபோது மடியிலிருந்த குழந்தை அதை அசுத்தம் செய்துவிட்டது. பட்டினி கிடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கணவர் கொடுமைக்காரர் அல்ல. ஆனாலும் அவருடைய குதிரை முற்றத்தில் நெல் தின்றுகொண்டிருந்தால்கூட, அதன் கண்ணில் படக் கூசி உள்ளேயே நின்றவர் ராஷ்சுந்தரி. படித்த பெண் விதவையாவாள் என்று நம்பிய காலம் அது. அப்படிப்பட்டவருக்குத்தான் 'சைதன்ய பாகவதம்' என்ற வைணவ நூலைத் தானே படிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. படிப்பதாகக் கனவுகூடக் கண்டார்.

ஒரு நாள் கணவர் தன் எட்டு வயது மகனிடம் அந்த நூலை அங்கே வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னது அடுப்படிக்குக் கேட்டது. மரச்சட்டங்களுக்கு இடையே கட்டிய தனித்தனி ஏடுகள் அவை. ஓர் ஏட்டை உருவி ஒளித்துவைத்தார். ஆனால் எழுத்து தெரிய வேண்டுமே? அதற்கும் வழி பிள்ளையிடமே இருந்தது. மகன் எழுதிப் பழகிய ஓலை ஒன்றை எடுத்துக்கொண்டார். அவர் சிறுமியாக இருந்தபோது பிறந்த வீட்டில் பையன்களுக்குப் பள்ளி நடந்தது; அங்கே ஓரமாக உட்கார்ந்து பார்த்த எழுத்துகள் மங்கலாக மனதில் இருந்தன. அந்த ஞாபகத்தை ஓலையோடும், ஓலையை ஏட்டோடும், எல்லாவற்றையும் நாள் முழுக்கக் காதில் விழும் பேச்சோடும் ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் அவர் படிப்பு வளர்ந்தது. நேரத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்ட பிள்ளைதான் பாடப்புத்தகத்தையும் கொடுத்தான் என்பது இந்தக் கதையின் விசித்திரம்.

மாதக்கணக்கில் தடுமாறி, ஒரு வழியாகப் படிக்க வந்தது. எழுத மட்டும் வரவில்லை. படிப்புக்கு அரை நிமிடம் கிடைத்தாலும் போதும், ஓலையை மடிக்குள் செருகிவிடலாம். எழுத்துக்குக் காகிதம், பேனா, மைக்கூடு வேண்டும். எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு பலர் பார்க்க உட்கார வேண்டும்.

வருடங்கள் ஓடின. பிள்ளைகள் படிக்க வெளியூர் போனார்கள். அவர்களில் ஒருவர், தன் கடிதங்களுக்கு அம்மா பதிலே போடுவதில்லை என்று குறைபட்டார். காகிதம், பேனா, மைக்கூடு எல்லாவற்றையும் அவர் முன் வைத்து, கட்டாயம் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.