பாறு கழுகு அழிந்தால் நமக்கென்ன?

ஒரு மாடு செத்துக் கிடக்கு. பாறு கழுகுக் கூட்டம் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்புதான் மிச்சம்.

1990-களில் இந்தியா முழுக்க இந்தக் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கும் மேல் காலி! காரணம் 2004-ல்தான் உறுதியானது: மாட்டுக்குப் போடும் வலி நிவாரணி டைக்ளோஃபெனாக். ஊசி போட்ட சில நாளில் மாடு இறந்து, அதைத் தின்றால் கழுகின் சிறுநீரகம் செயலிழந்துவிடும்.

‘கழுகு போனா என்ன, நாய் தின்னுட்டுப் போகுது’ன்னு தோணுதா? சிக்கலே அங்கதான். கழுகின் வயிற்று அமிலம் பல கிருமிகளைக் கொன்றுவிடும். நாய்க்கு அந்தத் திறன் கிடையாது. இறைச்சி மிஞ்ச மிஞ்ச தெருநாய்கள் பெருகின, கூடவே வெறிநாய்க்கடியும். அழுகிய சடலங்களால் தண்ணீரும் கெட்டது. இதனால் 2000 முதல் 2005 வரை கூடுதலாகச் சுமார் 5 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்கிறது 2024-ல் வெளியான ஓர் ஆய்வு.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் 2006-லேயே தடை. ஆனாலும் மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போயின. 2015-ல் அதையும் 3 மில்லியாகச் சுருக்கினார்கள். மாற்று மருந்து மெலாக்சிகாம் கழுகுக்குப் பாதுகாப்பானது.

நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. ஒரு ஜோடி வருஷத்துக்கு இடுவது ஒரே ஒரு முட்டை.