நீளமான கேபிள் வாங்கப் போகிறீர்களா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, ஃபைபர் இண்டர்நெட் இணைப்பும் எடுத்தவர்கள் சில நாட்களிலேயே என்னிடம் கேட்கும் கேள்வி இதுதான். "இண்டர்நெட் பாக்ஸ் வாசல் பக்கம் இருக்கிறது. கம்ப்யூட்டர் பின்கட்டில் இருக்கிறது. வை-ஃபை அங்கே சரியாக எட்டவில்லை. நீளமாகக் கேபிள் இழுத்தால் ஸ்பீட் குறைந்துவிடாதா?"

காரைக்காலில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதில் ஆச்சரியம் இல்லை. இங்குள்ள பழைய வீடுகள் தெருவில் இருந்து பார்த்தால் குறுகலாகத் தெரியும். உள்ளே போனால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீண்டுகொண்டே போகும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள் வேறு. ஒரு சுவரைத் தாண்டும்போதே வை-ஃபை சிக்னல் பாதி இளைத்துவிடும். மூன்று சுவர் தாண்டி வந்தால் அதில் மிச்சம் என்ன இருக்கப் போகிறது?

ஆகவே கேபிள் இழுப்பது சரியான யோசனைதான். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். இணைப்புக் கொடுக்க வருபவரிடம் பாக்ஸை வாசலில் மாட்டாமல் வீட்டின் நடுவில் மாட்டித் தரும்படி கேளுங்கள். போஸ்டில் இருந்து வரும் மெல்லிய கறுப்பு ஒயர் கண்ணாடி இழை. அது இன்னும் 15 மீட்டர் உள்ளே வந்தாலும் சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது. இதைச் சொல்லாவிட்டால் அவருக்கு எது சுலபமோ அந்த இடத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். குறை சொல்ல முடியாது, அவருக்கு அன்று இன்னும் நாலு வீடு இருக்கும்.

ஸ்பீட் குறையுமா?

குறையாது. 100 மீட்டர் வரை கவலை வேண்டாம். நெட்வொர்க் கேபிள்களுக்கான தரமே 100 மீட்டரைக் கணக்கில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. சுவரில் நிரந்தரமாகப் பதிக்கும் கேபிள் 90 மீட்டர், இரு முனைகளிலும் செருகும் சிறு கேபிள்கள் 10 மீட்டர் என்பது அந்தக் கணக்கு. நம் ஊரில் எந்த வீடு 90 மீட்டர் நீளம்?

கேபிளில் சிக்னல் நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 50 மீட்டரைக் கடக்க ஒரு நொடியின் நாற்பது லட்சத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அதே தகவல் காரைக்காலில் இருந்து சென்னைக்குப் போய்ச் சேரவே இதைப்போல் பல ஆயிரம் மடங்கு நேரம் ஆகும். எனவே நீளம் குற்றவாளி அல்ல. கேபிள் எதனால் செய்யப்பட்டது, முனை எப்படிப் பொருத்தப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எந்த 'கேட்' வாங்குவது?

கடையில் கேட் 5இ, கேட் 6, கேட் 6ஏ, கேட் 7, கேட் 8 என்று அடுக்குவார்கள். எண் பெரிதானால் இண்டர்நெட் வேகமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் எடுத்திருக்கும் திட்டம் 100 எம்.பி.பி.எஸ். (டாக்டர் படிப்பு அல்ல, நொடிக்கு 100 மெகா பிட்) என்றால், எந்தக் கேபிள் போட்டாலும் உச்சம் அதுதான். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், ஃபைல் டவுன்லோட் ஆகும்போது நொடிக்கு 12.5 மெகா பைட்டுக்கு மேல் பார்க்க முடியாது.

சாதாரண செம்புக் கேபிளில் 1000 எம்.பி.பி.எஸ். அனுப்பும் முறை 1999-ல் தரப்படுத்தப்பட்டது. கேட் 5இ கேபிளே அதை 100 மீட்டர் வரை எடுத்துச் செல்லும். கேட் 6 இன்னும் பத்து மடங்கு, அதாவது 10,000 எம்.பி.பி.எஸ்., ஏறக்குறைய 55 மீட்டர் வரை தாங்கும். கேட் 6ஏ அதையே 100 மீட்டருக்குக் கொண்டு போகும். கேட் 8 என்பது சர்வர் அறைகளுக்கானது. அதன் முழு வேகம் கிடைப்பதே 30 மீட்டருக்குள்தான். கேட் 7-க்கு உரிய முனையே வேறு. நாம் பயன்படுத்தும் ஆர்.ஜே. 45 முனையைப் பொருத்தி 'கேட் 7' என்று விற்கும் கேபிளுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

வீட்டில் ஏற்கெனவே நல்ல கேட் 5இ இருந்தால் அதை எடுத்துப் போட வேண்டாம். புதிதாக வாங்கினால் கேட் 6. அதற்கு மேல் வீட்டுக்குத் தேவை இல்லை.

செம்பா, அலுமினியமா?

விஷயமே இங்கேதான் இருக்கிறது. சில கேபிள்களில் உள்ளே இருப்பது முழுச் செம்பு அல்ல. அலுமினியக் கம்பியின் மேல் செம்புப் பூச்சு. இதை சி.சி.ஏ. என்பார்கள். அலுமினியம் விலை குறைவு, எடையும் குறைவு. மின்சாரத்தைக் கடத்தும் திறனில் செம்பை 100 என்று வைத்துக்கொண்டால் அலுமினியம் 61-தான். கேட் 6 தரத்தின்படி உள்ளே இருக்க வேண்டியது செம்பு. ஆனால் அலுமினியக் கேபிளின் மேலும் 'கேட் 6' என்று அச்சடிக்க இங்க் ஒன்றுதானே வேண்டும்!

இரண்டு மீட்டர் கேபிளில் இந்த வித்தியாசம் தெரியாமல் போகலாம். 40 மீட்டரில் தெரியும். அதிலும் கடலோர ஊர்களில் சீக்கிரமே தெரியும். உப்புக் காற்றில் ஈரம் சேரும்போது, செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். முனையில் வெள்ளையாகப் பொடி படியும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். மகன் பிரான்சில். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதால் இப்படிப்பட்ட குடும்பங்கள் இங்கே நிறைய. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீடியோவில் மகனோடு பேசுவதுதான் அவருக்கு வாரத்தின் பெரிய விசேஷம். போன ஐப்பசி மழையில் அது கெட்டுப்போனது. "தம்பி, பிள்ளை முகம் கட்டம் கட்டமா வருது. பேத்தி என்னமோ சொல்றா, அதுக்குள்ள நின்னு போவுது" என்றார். கம்பெனிக்குப் போன் செய்தால் லைன் நன்றாக இருக்கிறது என்றே பதில். திட்டத்தை 200 எம்.பி.பி.எஸ்.க்கு மாற்றச் சொல்லி யாரோ யோசனை சொல்ல, அதற்கும் பணம் கட்டத் தயாராக இருந்தார்.

வீடியோவில் பேச நாலைந்து எம்.பி.பி.எஸ். போதும். ஆகவே குறை வேகத்தில் இல்லை. ரேழியில் இருந்து இரண்டாம் கட்டுக்குப் போகும் 40 மீட்டர் கேபிளின் முனையை வெட்டி, ஒரு கம்பியை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. முனையில் கம்பி தொட்டும் தொடாமலும் இருந்ததால் இணைப்பு அறுந்து அறுந்து சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் சில நொடிகள் போய்விடும். கேட்க வேண்டிய வார்த்தை அந்த நொடிகளில்தான் போனது. செம்புக் கேபிள் மாற்றிய பிறகு திட்டத்தை உயர்த்த வேண்டிய தேவையே வரவில்லை.

நீங்களும் கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்யலாம். மீட்டர் கணக்கில் வாங்கும்போது வெட்டிய முனையைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சிவப்பு என்றால் செம்பு. வெளியே வெள்ளி நிறமாகவும் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் அது ஈயம் பூசிய செம்பு, தாராளமாக வாங்கலாம். தலைகீழாக இருந்தால் வேண்டாம். காந்தம் வைத்துப் பார்ப்பதால் பயன் இல்லை, செம்பு, அலுமினியம் இரண்டையுமே அது இழுக்காது. உறை மேல் 23 அல்லது 24 ஏ.டபிள்யூ.ஜி. என்று இருக்கிறதா பாருங்கள். இது கம்பியின் பருமன். எண் குறைந்தால் கம்பி தடிமன். 30, 32 என்று இருக்கும் தட்டைக் கேபிள்கள் மேஜை அளவுக்குச் சரி, வீட்டின் குறுக்கே இழுக்க அல்ல.

நீளத்தை அளக்கும்போது நேர்க்கோட்டில் அளக்காதீர்கள். சுவரில் ஏறி, நிலையைச் சுற்றி, இறங்கி வரும் வழியைச் சணல் கயிறு பிடித்து அளந்து, அதற்கு மேல் 3 மீட்டர் சேர்த்து வாங்குங்கள். முனை கெட்டால் வெட்டிப் புதிது போட இடம் வேண்டும். பல கேபிள்களில் மீட்டர் குறியும் அச்சாகி இருக்கும். கடைக்காரரின் அளவை அதிலேயே சரிபார்க்கலாம்.

போட்ட பின் பார்க்க வேண்டியது

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இண்டர்நெட், ஈதர்நெட் என்று போனால் 'லிங்க் ஸ்பீட்' தெரியும். 1000/1000 என்று வந்தால் சரி. 100/100 என்று வந்தால் முதலில் பாக்ஸில் வேறு துளையில் செருகிப் பாருங்கள். சில பாக்ஸ்களில் ஒரு துளை மட்டும் 1000, மற்றவை 100. அப்படியும் மாறாவிட்டால், கம்ப்யூட்டரின் துளையே 100-க்கானதா என்று பார்த்துவிட்டு, முனையைச் சந்தேகியுங்கள். 1000-க்கு எட்டுக் கம்பியும் வேண்டும். 100-க்கு நான்கு போதும். ஒரு கம்பி விட்டுப்போனாலும் வேகம் சத்தம் இல்லாமல் பத்தில் ஒன்றாகிவிடும்.

கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்காதீர்கள். ஓர் அடியாவது தள்ளி, தனி பி.வி.சி. பைப்பில் போகட்டும். அணிலுக்கும் எலிக்கும் கூட அந்தப் பைப்தான் பதில்.

மொட்டை மாடி வழியாகப் போகும் கேபிள் என்றால் வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை உள்ள வெளிப்புறக் கேபிளாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் அதை இரு முனையிலும் கழற்றிவிடுங்கள். கம்ப்யூட்டரின் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது, மின்னலின் பாதிப்பு இந்தக் கேபிள் வழியாகவும் உள்ளே வரும். கொல்லையில் தனிக் கட்டடம் இருந்து அங்கே இணைப்பு வேண்டும் என்றால் செம்பு இழுப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் வைத்து நடுவே ஃபைபர் இழுத்துவிடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.