மலைமேல் ஏன் மரம் இல்லை?

ஊட்டிக்குப் போயிருக்கிறாயா, கண்ணு? போகாவிட்டாலும் பரவாயில்லை, என்னோடு வா. நீலகிரியின் உயரமான பகுதியில், முக்குருத்தி பக்கம், ஒரு விசித்திரம் உண்டு. மலைச்சரிவு முழுக்க வெறும் புல். இரண்டு குன்றுகள் சேரும் மடிப்பில் மட்டும் இருண்ட காடு. அதற்குச் சோலை என்று பெயர்.

நன்றாக மழை பெய்கிற மலைதானே, புல்வெளியில் ஏன் மரம் வளரவில்லை? இந்தக் கேள்வி உனக்கும் தோன்றியதா? சபாஷ்! விஞ்ஞானிகளும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

முக்கியமான ஒரு காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தாவில் போய் நின்று பார். புல் நுனியெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். தொட்டால் விரல் விறைக்கும். இந்தக் குளிரில் சோலை மரத்தின் இளங்கன்று கருகிவிடும். சோலைக்கு உள்ளே பெரிய மரங்கள் கூரை போல மூடியிருப்பதால் கன்று பிழைக்கும். வெளியே பிழைக்காது. புரிகிறதா?

விதிவிலக்கும் உண்டு! காட்டுப்பூவரசு என்ற மரம் புல்வெளியிலேயே தைரியமாக நிற்கும். தடித்த பட்டை, தோல் மாதிரி இலை, கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ. எனக்கு ரொம்பப் பிடித்த மரம்.

சரி, மனிதர்கள் காட்டை அழித்ததால் வந்த புல்வெளியாக இருக்குமோ? நல்ல சந்தேகம். பதில் சதுப்பு நிலத்தில் இருக்கிறது. அங்கே செத்த செடிகள் முழுதாக மக்காமல் கருஞ்சேறாகப் படிகின்றன. வீட்டில் பழைய செய்தித்தாளை அடுக்கி வைப்போமே, அதுபோல அடியில் இருப்பதுதான் பழசு. மரமும் இங்குள்ள புல் வகைகள் பலவும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் விதம் வேறு வேறு. அந்த அடையாளம் சேற்றிலும் அழியாது. அதை வைத்துப் பார்த்தபோது, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்தது தெரிந்தது. வறண்ட காலத்தில் புல் பரவியது, ஈரமான காலத்தில் காடு பரவியது.

இந்தப் புல்லை நம்பி வாழ்பவர்கள் யார் யார்? நம் மாநில விலங்கான வரையாடு. அப்புறம் இந்த மலையின் பழங்குடி மக்களான தோடர்கள். அவர்களுடைய எருமைகள் மேய்வது இங்கேதான். அவர்களின் பழைய வீட்டுக்குக் கூரை வேய்வதும் புல்லால்தான். வாசல் எவ்வளவு சின்னது தெரியுமா? தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும்!

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். பிறகு ஊட்டி நகரம் வளர்ந்தது. அடுப்புக்கு விறகு வேண்டுமே! ஆங்கிலேயர் கண்ணுக்குப் புல்வெளி சும்மா கிடக்கும் தரிசாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம்மவர்களும், ஆலைகளுக்கு மரம் வேண்டுமென்று, அதையே தொடர்ந்தார்கள். சீகைக்கு உறைபனி பெரிய தடையாக இல்லை. நடாத இடத்திலும் தானே பரவிப் புல்லை மூடியது.

இப்போது சில இடங்களில் சீகையை அகற்றிவிட்டு, மறுபடி புல் நடுகிறார்கள். வெட்டினால் வேலை முடிந்ததா? இல்லை, கண்ணு. சீகை விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். மேலே மரம் போய் வெயில் பட்டதும் குப்பென்று முளைக்கும். அதனால் ஒவ்வொரு வருடமும் குனிந்து, கன்று கன்றாகக் கையால் பிடுங்க வேண்டியிருக்கிறது.