இடது காலைக் கேட்கும் டைகர் மாத்

செஸ்னா 172 விமானத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்தவரும் டைகர் மாத்தில் ஏறினால் முதல் ஓட்டத்திலேயே கால் தடுமாறும். செஸ்னா கிளம்பும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலது காலால் ரடர் மிதியை அழுத்தி நேராக்குவது அவருக்குப் பழக்கமாகியிருக்கும். டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் எஞ்சின் எதிர்த்திசையில் சுழல்வதால் அது வலப்பக்கம் இழுக்கும். இப்போது வேலை இடது காலுக்கு. பழக்கதோஷத்தில் வலது காலை அழுத்தினால் வண்டி ஓடுபாதையைவிட்டு விலகும்.

இங்கிலாந்தின் டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் இந்த இரட்டை இறக்கை விமானம் முதலில் பறந்தது 1931இல். இரண்டாம் உலகப்போர்க் காலத்து இந்திய விமானிகள் பலருக்கு அரிச்சுவடி இதுதான். விமானப்படை தன் பழைய டைகர் மாத் ஒன்றைப் புதுப்பித்து 2012இல் மீண்டும் பறக்கவிட்டது.

இதில் ஸ்டார்ட்டர் கிடையாது. சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஒருவர் ப்ரொப்பெல்லரைக் கையால் இழுத்துச் சுழற்ற வேண்டும். முன்னால் நிற்பவரும் பின் இருக்கையில் இருப்பவரும் "சுவிட்ச் ஆஃப்", "கான்டாக்ட்" என்று ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வார்கள். ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டாலும் கை போய்விடும். பயிற்சியாளர்கள் முதலில் கற்றுத்தருவது இந்தக் குரல் ஒழுங்கைத்தான். சரியான வரிசை அதுவே.

இறக்கைகளில் மரச்சட்டத்தின் மேல் துணி. துணியை விறைக்கச் செய்யப் பூசுவது 'டோப்'. பழைய டோப்புகளில் செல்லுலோஸ் நைட்ரேட் இருந்தது, தீப்பொறி பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும். விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து அறைக்குள் போகுமுன் காட்டும் எச்சரிக்கையை அந்தக் காலத்து விமானக் கொட்டகைகளும் காட்ட வேண்டியிருந்தது.

தரையில்தான் சிரமம் அதிகம். பிரேக் இல்லை, வாலின் அடியில் சக்கரத்துக்குப் பதில் ஓர் உலோகக் கட்டை, அது புல்லில் உராய்ந்துதான் வேகம் குறையும். மூக்கு நிமிர்ந்திருப்பதால் எதிரே எதுவும் தெரியாது. வளைந்து வளைந்து ஓட்டி, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். அன்றைய மைதானங்கள் திறந்த புல்வெளிகள். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதை எதிர்கொண்டு இறங்கலாம். இன்றைய ஓடுபாதைக்குத் திசை நிலையானது. பக்கக்காற்று சற்று வலுத்தாலும் அன்று பறக்காமல் இருப்பதே புத்தி.

சென்னை ஃபிளையிங் கிளப்பில் பயிற்சியாளராக இருந்த வி. சுந்தரமும், அவர் மனைவி உஷா சுந்தரமும் இப்படிப் புது விமானங்களைக் கைக்கொள்ளும் கலையில் தேர்ந்தவர்கள். ஜக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் 1949இல் உரிமம் பெற்ற உஷா, சென்னை அரசு வாங்கிய டவ் விமானத்தைக் கணவருடன் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார்.

புதிதாக டைகர் மாத் ஓட்ட வருபவர்களுக்கு, எத்தனை ஆயிரம் மணி நேர அனுபவம் இருந்தாலும், இரட்டைக் கட்டுப்பாட்டில் பயிற்சியாளருடன்தான் தொடக்கம். அவர் முன் இருக்கையில் உட்கார்ந்து, குரல் குழாய் வழியே "இடது கால்" என்று நினைவூட்டிக்கொண்டே வருவார். தரையிறங்கிய பிறகும், எஞ்சின் நிற்கும்வரை.