பனிக்காலக் காலையில் டீசல் பிக்கப் வண்டி கிளம்ப மறுத்தால்...

நீலகிரி மாவட்டத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலமாகும். உதகையைச் சுற்றியுள்ள தாழ்வான பள்ளங்களில் விடியற்காலை வெப்பநிலை 0 டிகிரி செல்சியசை ஒட்டி இறங்குவதுண்டு. கேரட், உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் புறப்படும் நேரமும் அதுவே. முதல் நாள் மாலை நன்றாக ஓடிய பழைய டீசல் பிக்கப் வண்டி காலையில் கிளம்பாவிட்டால், அன்றைய ஏலம் தவறிவிடும். உடனே பம்பைக் கழற்ற வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. கோளாறு பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். வரிசையாகச் சோதித்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

குளிரில் ஏன் இந்தத் தொல்லை?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும்போது உண்டாகும் சூட்டினாலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. குளிர்ந்த எஞ்சினில் இந்தச் சூட்டை இரும்புச் சுவர்கள் உறிஞ்சிவிடுகின்றன. எஞ்சின் ஆயில் கெட்டியாகிச் சுழற்சியைத் தடுக்கிறது. 0 டிகிரியில் பேட்டரியின் திறனும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கு காற்றின் அடர்த்தியும் குறைவு. ஆகவே எஞ்சின் கிளம்ப வேகம், சூடு, டீசல் ஆகிய மூன்றும் தேவை. எது குறைகிறது என்பதைச் செல்ஃப் மோட்டாரின் ஓசையும் புகைக்குழாயின் புகையும் காட்டிவிடும்.

1. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால்

முதலில் பேட்டரியைப் பாருங்கள். முனைகளில் பூத்துள்ள பூஞ்சணம் போன்ற உப்பை வெந்நீர் விட்டுக் கழுவி, கம்பிகளை இறுக்க வேண்டும். எஞ்சினுக்குச் செல்லும் எர்த் கம்பியையும் மறக்கக் கூடாது. முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் என்றால் பாதிச் சார்ஜே உள்ளது. பேட்டரி நன்றாக இருந்தும் சுழற்சி மந்தமானால் ஆயிலைக் கவனிக்கவும். வண்டியின் கையேடு அனுமதித்தால், 40 எண் ஆயிலுக்குப் பதிலாக 15டபிள்யூ-40 ஆயில் ஊற்றுவது பனிக்காலத்திற்கு ஏற்றது.

2. வேகமாகச் சுற்றி, வெள்ளைப் புகை வந்தால்

டீசல் சிலிண்டருக்குள் சேருகிறது. ஆனால் பற்றவில்லை என்று பொருள். க்ளோ பிளக் உள்ள வண்டிகளில் முதல் சந்தேகம் அதன் மீதே. இது சிலிண்டருக்குள் பழுக்கக் காய்ந்து சூடு கொடுக்கும் சிறு மின்சூடேற்றி. இதைச் சோதிப்பது எளிது. சாவியை அணைத்துவிட்டு, பிளக்குகளை இணைக்கும் கம்பியைக் கழற்றவும். 12 வோல்ட் சோதனை விளக்கின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடவும். விளக்கு எரியாத பிளக் பழுதானது. எல்லாப் பிளக்குகளும் நன்றாக இருந்தால் அவற்றுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்து, ஃபியூசையும் ரிலேயையும் சோதிக்க வேண்டும். இவை யாவும் சரியாக இருந்தும் வெள்ளைப் புகையே வந்தால், அப்போது நாசில், பம்ப் டைமிங், கம்ப்ரஷன் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டலாம்.

3. வேகமாகச் சுற்றியும் புகையே இல்லாவிட்டால்

டீசல் சிலிண்டரை அடையவில்லை. சாவியைத் திருப்பும்போது பம்பிலுள்ள டீசல் அடைப்பு சுவிட்ச் 'டிக்' என்று ஒலிக்கிறதா என்று கேளுங்கள். வடிகட்டியின் அடியிலுள்ள தண்ணீரை வடித்துவிட்டு, கைப்பம்பை அடித்து ஏர் எடுக்கவும். அப்படிச் செய்ததும் வண்டி கிளம்பி, மறுநாள் காலையும் அதே கதை என்றால், இரவில் எங்கோ காற்று புகுந்து டீசல் டேங்கிற்குத் திரும்புகிறது. வெடித்த ரப்பர் குழாய்களையும் தளர்ந்த கிளிப்புகளையும் மாற்றவும்.

டீசலிலுள்ள மெழுகு குளிரில் உறைந்து வடிகட்டியை அடைப்பதும் உண்டு. இந்தியத் தர விதிப்படி, டீசல் வடிகட்டியை அடைக்கும் வெப்பநிலை குளிர்காலத்தில் 6 டிகிரி வரையும், மற்றக் காலத்தில் 18 டிகிரி வரையும் இருக்கலாம். எனவே அக்டோபரில் நிரப்பிய டீசலை டேங்கில் தேக்கி வைக்காதீர்கள். அடைத்துவிட்டால் வெந்நீரில் நனைத்த துணியை வடிகட்டியின் மேல் சுற்றினால் போதும். மண்ணெண்ணெய் கலந்தால் பம்ப் தேயும்.

உயிருக்கு ஆபத்தான பழக்கங்கள்

• காற்று வடிகட்டியின் வாயில் தீப்பந்தம் காட்டுவதும், எஞ்சினுக்கு அடியில் கனல் வைப்பதும் வண்டியையே எரித்துவிடும்.

• க்ளோ பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் தெளிக்கவே கூடாது. வெடித்துப் பிஸ்டன் உடையலாம்.

• பாரம் ஏற்றிய வண்டியைச் சரிவில் உருட்டிக் கிளப்பாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கிற்கு வேக்குவம் உதவி கிடைக்காது. பெடல் கல்லாக இறுகும். கொண்டை ஊசி வளைவில் வண்டி நிற்காது.

• கதவடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் புகையிலுள்ள நச்சு வாயு ஆளைக் கொல்லும்.

கிளப்பும் முறை

விளக்குகளை அணைத்துவிட்டு, க்ளோ பிளக் விளக்கு அணையும் வரை பொறுக்கவும். கிளட்சை முழுதாக மிதித்து 10 விநாடிக்கு மேற்படாமல் செல்ஃப் அடிக்கவும். கிளம்பாவிட்டால் ஒரு நிமிடம் இடைவெளி விட்டு, மீண்டும் சூடேற்றி முயல வேண்டும். விடாமல் அடித்தால் பேட்டரி இறங்கிச் செல்ஃப் மோட்டாரும் கருகும்.

பேட்டரி, க்ளோ பிளக், டீசல் குழாய், வடிகட்டி ஆகிய நான்கையும் உழவர் பெருமக்கள் அக்டோபர் மாதத்திலேயே சரிபார்த்து வைத்தால், உறைபனிக் காலையிலும் விளைபொருள் காலத்தோடு மண்டி போய்ச் சேரும்.