குலம் வாங்கலாம், வளர்ப்பு?

கற்பிட்டியில் வாழும் என் நண்பர், ஓய்வு பெற்ற ஆசிரியர், சென்ற மாதம் தம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கரிய முதுகும் இன்னும் நிமிராத காதுகளுமாக ஒரு நாய்க்குட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நம்மவர் 'அல்சேஷன்' என வழங்கும் ஜெர்மானிய மேய்ப்பு நாயினம். வெளிநாட்டில் வளர்ப்பவர் ஒருவர் விலை பேசியிருக்கிறார். பாதிப் பணத்தை முதலில் அனுப்ப வேண்டுமாம்.

"எட்டு வாரக் குட்டி. அடுத்த வாரமே விமானத்தில் ஏற்றிவிடுவாராம். குலப்பத்திரமும் உண்டு. நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்றார்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நாயன்று, குதிரை.

நாங்கள் அமர்ந்திருந்த கரைக்கு எதிரே, மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் இருந்தது பழைய காயல் துறை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர்க்கு அரபுக் குதிரைகள் அங்கே வந்திறங்கின. ஆண்டுக்கு 1,400 குதிரைகள், தலைக்கு 220 பொன் தீனார் என்று ஓர் உடன்படிக்கை இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். வழியில் மாண்ட குதிரைக்கும் அரச கருவூலமே விலை கொடுத்தது! அக்காலத்தில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ சொல்லும் செய்தி இன்னும் கொடியது. வந்த குதிரைகளில் மிகப் பல ஓராண்டுக்குள் மடிந்தன. பேணும் முறை அறியாதவர்கள் சோறும் இறைச்சியும் சமைத்து அவற்றுக்கு ஊட்டினர். வணிகரோ குதிரை வைத்தியரைத் தாமும் அழைத்து வரவில்லை. பிறர் வருவதையும் தடுத்தனர். குதிரை செத்தால் அல்லவோ அடுத்த கப்பலுக்கு வாணிகம்! பாண்டியர் குலத்தை வாங்கினர், வளர்ப்பை வாங்கவில்லை.

குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட மாணிக்கவாசகரின் கதையை நம் பிள்ளைகளும் அறிவர். பகலில் பரியாய் நின்றவை இரவில் நரியாய் ஊளையிட்டன. அங்கே ஆடியவன் இறைவன். ஆகவே கதை நன்றாய் முடிந்தது. முன்பணம் கேட்பவரெல்லாம் இறைவனல்லர்.

ஆதலால் நண்பருக்குச் சில கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். தாயையும் குட்டியையும் ஒருசேர நேரடிக் காணொளியில் காட்டுவாரா? இடுப்பு மூட்டு நோய் இவ்வினத்தில் மரபுவழி வருவது. பெற்றோரின் எக்ஸ்ரே முடிவுகள் உண்டா? குலப்பத்திரம் முன்னோரின் பெயரைச் சொல்லுமே தவிர உடல்நலத்தைச் சொல்லாது. தோலுக்கடியில் இட்ட மைக்ரோசிப்பின் எண்ணும் பத்திரத்தின் எண்ணும் ஒன்றா? விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியை 12 வார வயதில் போட்டு, அதன்பின் 21 நாள் காத்திருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. அவ்வாறாயின் எட்டு வாரக் குட்டி அடுத்த வாரம் எப்படிப் புறப்படும்? நம் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியைப் பற்றி அவர் ஒரு சொல்லேனும் சொன்னாரா?

கேள்விகள் போயின, மறுமொழி வரவில்லை. இரண்டு நாளில் படமும் மறைந்தது. நண்பரின் பணம் தப்பியது. ஆனால் அவர் குட்டிக்குப் பெயர்கூட வைத்திருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தேன். பிழைத்த பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

விற்பவர் நேர்மையானவராகவே இருந்திருந்தாலும் கேள்வி தீராது. குளிருக்கென அமைந்த இரட்டை மயிர்ப் போர்வையோடு வரும் உயிருக்கு இக்கரையின் வெயிலில் நிழல் எங்கே? நீர் எங்கே? அதிகாலையில் நடத்திச் செல்பவர் யார்? பத்து ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய துணை அது. நண்பருக்கோ வயது அறுபத்தைந்து.

அன்று மாலை புத்தளம் திரும்பினேன். உப்பளத்துப் பக்கம் சில கழுதைகள் வீதியை மறித்து நின்றன. அராபிய வணிகர் கொண்டுவந்த இனம் என்பர் இவ்வூரார். பொதி சுமந்த காலம் போயிற்று, லொறி வந்தது, இன்று குப்பையைக் கிளறித் தின்று தெருவில் திரிகின்றன. கடல் கடந்து கொண்டுவரத் தெரிந்த மனிதனுக்குக் கடைசிவரை வைத்துக் காக்கத் தெரியவில்லை.

சென்ற வாரம் நண்பர் தொலைபேசியில் அழைத்தார்.

"மறுபடியும் தேடப் போகிறேன், அவசரமில்லை. தம்பி மகன் பக்கத்து வளவில்தான் இருக்கிறான். எனக்குப் பிறகு பார்த்துக்கொள்ளச் சம்மதமா என்று அவனிடம் கேட்டுவிட்டேன். இப்போது கொல்லையில் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறோம்."

முதன்முறையாக அவர் சரியான இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.